மூக்கில் ஈரத்துண்டு கட்டி ஊர் பார்த்த விவரம்

கோடியார் மாதா துணை

அங்கலேஷ்வர்,
வியாழக்கிழமை, பாய்லர் வேலை தொடங்கிப் பதினாறாம் நாள்.

பாவ்நகர் என்னும் மங்களமான ஊரில், என் தங்கை காஞ்சன் கையால் சூடாக ரொட்டி தின்றுகொண்டு சௌக்கியமாய் வீற்றிருக்கும் மாட்சிமை பொருந்திய மாப்பிள்ளை சவ்ஜி அவர்களுக்கு, கரசன் இரண்டு கையும் குவித்து எழுதிக்கொண்ட ராம் ராம். ஒரு முழங்கையில் தோல் உரிந்திருப்பதால் கை முழுசாகக் குவியவில்லை, மன்னிக்கவும். அது எப்படி உரிந்தது என்பதும் இந்தக் கடிதத்திலேயே வரும். இங்கே நான் நலம். நீங்களும் பிள்ளைகளும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். உங்கள் குறட்டையும் நலமாக இருக்கும். இந்தக் கடிதத்தைக் காஞ்சனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். என் எழுத்து புரியாவிட்டால் வெளிச்சத்தில் வைத்து நீங்களே கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். போன் பூத்தில் பேசாமல் எழுதுவதற்குக் காரணமும் அதுதான், அவள் பக்கத்தில் நின்று காதை வைப்பாள்.

எழுத வேண்டிய சங்கதி என்னவென்றால், போன கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்தீர்கள், இந்த ஊர் ஆலை ஒன்றில் பம்பு பார்க்கிற வேலை உங்களுக்கு நிரந்தரமாகத் தருகிறார்கள், அம்பிகா காலனியில் வீடும் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் சரி என்றோ மாட்டேன் என்றோ பதில் சொல்ல வேண்டும், காஞ்சனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்து குடியிருக்கத் தகுந்த ஊர்தானா என்று ஒரு நடை போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்று. நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைச் சேர்க்கவில்லை, நானும் அதைச் சேர்க்கவில்லை. அப்படிப்பட்டவனிடம் ஒரு குடும்பம் எங்கே வாழ்வது என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அந்த மரியாதைக்காகவே ஒரு நடை இல்லை, நாலு ஓட்டம் ஓடிப் பார்த்தேன்.

நடக்கச் சொன்னால் ஏன் ஓடினாய் என்பீர்கள். வேலை காலை எட்டுக்குத் தொடங்கினால் இருட்டும்வரை விட மாட்டார்கள். விடிந்த பிறகு ஒரு மணி நேரம்தான் என் கையில். நடந்தால் தங்கியிருக்கிற இடத்தின் பின்சுவரைத்தான் பார்த்துவிட்டு வரலாம். இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், சிரித்துவிட்டு மேலே படியுங்கள். பாய்லருக்குள் ஆள் நுழைகிற துவாரம் முட்டை வடிவத்தில் இருக்கும், உங்களுக்குத் தெரியாதது இல்லை. வந்த மூன்றாம் நாள் உள்ளே குழாய் பார்க்கப் போனேன். போனது ஒழுங்காகத்தான் போனேன். வெளியே வரும்போது தொப்பை வர மாட்டேன் என்றுவிட்டது. இடுப்புக்கு மேலே வெளியில் நான், இடுப்புக்குக் கீழே உள்ளே நான். எங்கள் போர்மேன் சனத் வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“கரசண்ணே, உள்ள போறப்ப இந்த வயிறு எங்க இருந்துச்சு?”

“மூச்ச இழுத்து வச்சிருந்தேன்டா.”

“அதையே இப்பவும் இழுங்க.”

“உள்ள இருக்குறத வெளிய விட்டாத்தானடா மறுபடி இழுக்க முடியும்! விடத்தான் இடம் இல்லையே!”

கிரீஸ் தடவி இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். “இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு நீங்க மூடி மாதிரி அடைச்சுக்கிட்டு நின்னா என் வேலை போயிரும்ணே, எதாவது பண்ணிக் குறைங்க” என்று சனத் கையெடுத்துக் கும்பிட்டான். ஆக, என் வயிற்றுக்கும் ஆச்சு, உங்கள் வேலைக்கும் ஆச்சு என்று மறுநாள் காலையிலேயே ஓடத் தொடங்கினேன்.

முதல் நாள் சாயம் செய்கிற ஆலைகள் இருக்கிற தெருவில் ஓடினேன். அங்கே நாய்கள் எல்லாம் ரோஜா நிறம். ஒன்று மட்டும் முன்பாதி பச்சை, பின்பாதி ரோஜா, இரண்டு ஆலையிலும் சோறு வாங்கித் தின்கிறது போல. முதல் ஷிப்ட் போகிற ஆட்களின் உள்ளங்கையைப் பார்த்தால் எந்த ஆலை என்று தெரிந்துவிடும். மஞ்சள் கை, ஊதாக் கை, துரு நிறக் கை. பெண் கேட்டு வருகிறவன் முதலில் கையைத்தான் காட்ட வேண்டுமாம். சாக்கடையில் தண்ணீர் திங்கட்கிழமை ஒரு நிறம், செவ்வாய் ஒரு நிறம், நாள்காட்டியே வேண்டாம். முச்சந்தியில் ஜேட்டா என்று ஒரு டீக்கடைக்காரர். நான் இரைக்க இரைக்கப் போய் நின்றதும் டீயை ஊற்றாமல் எனக்குப் பின்னால் ரோட்டை வெகு நேரம் பார்த்தார்.

“யாரு தொரத்துறா?”

“யாரும் இல்லண்ணே. உடம்புக்காக ஓடுறேன்.”

“வெளியூரா?”

“பாவ்நகர்.”

“அதான பாத்தேன். இந்த ஊர்ல உடம்புக்காக எவனும் ஓட மாட்டான். உயிருக்குத்தான் ஓடுவான்” என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் டீயைத் தட்டில் ஊற்றிக் கொடுத்தார். நானும் நல்ல வேடிக்கைக்காரர் கிடைத்தார் என்று இளித்துக்கொண்டே உறிஞ்சிவிட்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் நாள் ரயில் பாதை ஓரமாகவும் சந்தை வழியாகவும் ஓடினேன். காய்கறி நன்றாக இருக்கிறது, கத்தரிக்காய் பரூச் பக்கத்தில் இருந்து வருகிறது. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடத்தில் ஓடு உடையவில்லை, வாத்தியார் நேரத்துக்கு வருகிறார், காஞ்சன் கேட்டால் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் எந்த நேரமும் இருமல் சத்தம், அதைச் சொல்லாதீர்கள்.

நாலாம் நாள் போன செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் அம்பிகா காலனி பார்ப்பது என்று கிளம்பினேன். வெளியே கால் வைத்தால் ஒரே நாற்றம். அழுகின முட்டையை வெல்லப்பாகில் போட்டுக் காய்ச்சினால் வருமே, அப்படி. முந்தின நாள்களை விட இரண்டு பங்கு. திரும்பிப் போய்ப் படுக்கலாம் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு ஆயிற்றே என்று என் துண்டைக் குழாயில் நனைத்துப் பிழிந்து மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். உலகத்தில் எந்த ஊரிலும் இது தப்பில்லை. இந்த ஒரு ஊரில் தப்பு.

அம்பிகா காலனி நாலு வரிசை, அறுபது வீடு. நடுவில் சின்னக் கோயில், அதன் உச்சியில் சிவப்புக் கொடி. எல்லாக் கதவும் இரும்பு. வாசலில் கோலப்பொடி, துளசி, சைக்கிள், எல்லாம் நம் ஊர் மாதிரியே. முதல் வரிசையில் குழாயடியில் ஒரு பொம்பளை குடம் பிடித்துக்கொண்டிருந்தாள், பெயர் ரசீலா என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் கத்தவில்லை மாப்பிள்ளை. குடத்தை அப்படியே விட்டாள், நிமிர்ந்து கோயில் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாள், ஓடிப்போய் பக்கத்து வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினாள். அந்த வீட்டுக்காரன் வெளியே வந்து என்னைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான், அவன் போய் அடுத்த கதவைத் தட்டினான். நான் இதை எல்லாம் ஓடிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்து, காலையில் இவ்வளவு பேர் பால் வாங்கக் கிளம்புகிறார்களா, ஒற்றுமையான காலனி என்று மெச்சிக்கொண்டே இரண்டாம் வரிசைக்குத் திரும்பினேன். எனக்குப் பின்னால் டங் டங் டங் என்று இரும்புக் கதவுச் சத்தம், கரண்டியால் தட்டுகிறவன், செருப்பால் தட்டுகிறவன். திரும்பிப் பார்த்தால் பத்துப் பேர் என் பின்னால் ஓடி வருகிறார்கள். எல்லார் மூக்கிலும் துணி.

என் மூளை வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். அயலூர்க்காரன், முகத்தை மூடியிருக்கிறான், விடியற்காலையில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு ஓடுகிறான். திருடன் என்று நினைத்துவிட்டார்கள்! பிடித்தால் எலும்பு மிஞ்சாது! நின்று விளக்கம் சொல்லலாம் என்று ஒரு புத்தி சொன்னது, கால் அதைக் கேட்கவில்லை. வேகத்தைக் கூட்டினேன். நான் கூட்டினதும் அவர்களும் கூட்டினார்கள். ஈரத்துணி கட்டின கம்பெனி ஆள் இப்படிப் பறக்கிறான் என்றால் விஷவாயு கிட்டத்தில் வந்துவிட்டது என்று அர்த்தமாம், எனக்கு அது எப்படித் தெரியும். பத்து ஐம்பது ஆச்சு, ஐம்பது நூறு ஆச்சு. ஒருவன் பாதி முகம் சோப்பு, பாதி முகம் சவரம். ஒருத்தி கையில் பிசைந்த மாவு. ஒருவன் மாமனாரை முதுகில் தூக்கிக்கொண்டு வருகிறான், அந்தக் கிழவர் முதுகில் இருந்தபடியே “எடது பக்கம் போடா, கம்பெனி ஆளு எடது பக்கம் திரும்புறான் பாரு” என்று வழி சொல்கிறார். நான் துண்டுக்குள்ளே இருந்து “எதையும் எடுக்கல, நான் எதையும் எடுக்கல” என்று கத்துகிறேன், ஈரத்துணியில் வெளியே ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஊரில் எந்தச் சந்து எங்கே போகிறது என்று தெரியாத ஒரே ஆள் நான், அறுபது வீடும் என் முதுகை நம்பி வருகிறது. கடைசியில் ஒரு முட்டுச்சந்து. எதிரே ஆள் உயர மதில். சரி, காஞ்சனுக்கு அண்ணன் இல்லை என்று கண்ணை மூடினேன். நாலைந்து கைகள் வந்து என் இடுப்பைப் பிடித்தன. “பாவம், தொப்பைக்காரரு, மூச்சு முட்டுது, முதல்ல அவர ஏத்துங்கப்பா” என்று ஒரு குரல். அடிக்கப் போகிறவன் இப்படிப் பேச மாட்டானே என்று யோசிப்பதற்குள் என்னைத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் ஆமணக்கு வயலில் போட்டுவிட்டார்கள். முழங்கை உரிந்தது அங்கேதான்.

பிள்ளைகளை முதலில் கைமாற்றி இறக்கினார்கள், பிறகு கிழவர்களை, பிறகு மற்றவர்களை. ஒரு தள்ளுமுள்ளு இல்லை. எல்லாரும் வயலில் வரிசை வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ரசீலா மட்டும் நின்று வீட்டு எண் சொல்லிக் கூப்பிட்டாள்.

“முப்பத்தொம்பது?”

“அஞ்சு பேரும் இருக்கோம்.”

“நாப்பது?”

“இருக்கோம். ஆட்டுக்குட்டிதான் விட்டுப் போச்சு.”

“ஆடு கெடக்கட்டும். நாப்பத்தொண்ணு?”

சத்தம் வரிசையாக வந்தது. இது திருடனைத் துரத்தி வந்த கூட்டம் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரியத் தொடங்கியது. நாற்பத்து மூன்று என்றாள், பதில் இல்லை. ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குகிற ஜெசிங் என்பவன் வீடு அது. நாற்பத்து நாலு என்று அவளே சொன்னாள், அவளே சுற்றிப் பார்த்தாள். நாற்பத்து நாலு அவள் வீடுதான். அவள் புருஷன் வஷ்ராம் வயலில் எங்கேயும் இல்லை.

“ஜெசிங் கதவு அவரு பங்கு” என்றாள், யாரையும் பார்க்காமல். “அவன் எந்திரிச்சிருக்க மாட்டான். இவரு அங்கதான் நிக்கிறாரு.”

அவள் மதிலைப் பார்த்து ஓடினாள். நாலு பொம்பளைகள் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். “காத்து மாறட்டும் ரசீலா, கொடி இன்னும் அந்தப் பக்கம்தான் பறக்குது” என்கிறார்கள். அவள் கடிக்கிறாள், உதைக்கிறாள். பாதி சவரம் செய்தவன் என்னிடம் குனிந்து, “அண்ணே, எது கசிஞ்சுச்சு, குளோரினா, அம்மோனியாவா, அதயாவது சொல்லுங்க, எவ்வளவு நேரம்னு பாக்கலாம்” என்கிறான்.

மாப்பிள்ளை, நான் ஆயுளில் எத்தனையோ பேரை ஏமாற்றி வேடிக்கை பார்த்தவன். உங்கள் கல்யாணத்தன்று உங்கள் செருப்பில் வெல்லம் வைத்து எறும்பு ஏற்றியவனும் நான்தான். அந்த வயலில் இருநூறு பேர் என் வாயைப் பார்த்தார்கள். வாயு எதுவும் வரவில்லை என்பது அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சொன்னால் கொன்றுவிடுவார்கள் என்றும் தெரியும். துண்டை அவிழ்த்தேன்.

“ஒண்ணும் கசியலம்மா. ஊர் பாக்க ஓடினேன். நாத்தம் தாங்காம துண்டு கட்டிக்கிட்டேன். நீ போ, உன் வீட்டுக்காரர்கிட்ட போ.”

ரசீலா என்னைத் திட்டக்கூட இல்லை, மதிலில் ஏறிக் குதித்துப் போனாள். எல்லாரும் பின்னால் ஓடினோம், நானும்தான். ஜெசிங் வீட்டு வாசலில் வஷ்ராம் நின்றுகொண்டிருந்தான். ஒல்லியான ஆள், மீசையில்லை. மூக்கில் கட்டிய துணி காய்ந்து போய்விட்டது. ஒரு கல்லை வைத்துத் தட்டித் தட்டி விரல் முட்டி எல்லாம் ரத்தம். காலனியே காலியாகிப் போன பிறகும், காற்று தன் பக்கம்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டே அவன் தட்டியிருக்கிறான், அரை மணி நேரம். ரசீலா போய் அவன் கையைப் பிடித்த நேரம் பார்த்து உள்ளே தாழ்ப்பாள் திறந்தது. ஜெசிங் காதில் இருந்து பஞ்சை எடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, “என்னப்பா, பால்காரனா? இன்னிக்கு அரை லிட்டர் போதும்” என்றான்.

அப்போதுதான் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், பாதிப் பேர் அழுதுகொண்டே. வஷ்ராம் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் உண்மையாகவே வாயு வந்ததாம். ஆலையில் அபாயச் சங்கு ஊதவில்லை. ஓடத் தெரிந்தவர்கள் ஓடினார்கள், தூங்கினவர்களை எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை. கடைசி வரிசையில் பதினோரு பேர். அதற்குப் பிறகு கோயிலில் வைத்துச் சத்தியம் செய்து ஒரு கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், இரண்டு கதவைத் தட்டித் திறக்க வைக்காமல் யாரும் ஓடக்கூடாது என்று. எனக்கு என்ன தண்டனை என்று பஞ்சாயத்துக் கூடியது. “நாத்தம்னு சொன்னாரே, எந்த நாத்தம்?” என்று மாமனார்க் கிழவர் கேட்டார். எல்லாரும் மூக்கை உயர்த்தி இழுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒரு வாசமும் தெரியவில்லை. கடைசியில், நான் தினமும் காலையில் துண்டு இல்லாமல்தான் ஓட வேண்டும், ஒவ்வொரு வரிசையிலும் “உடம்புக்குத்தான்! உடம்புக்குத்தான்!” என்று கூவிக்கொண்டு போக வேண்டும் என்று தீர்ப்பானது. கடலைமாவுக் காட்டியாவும் பொரித்த மிளகாயும் டீயும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அன்றிலிருந்து கூவிக்கொண்டுதான் ஓடுகிறேன். சின்னப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று, “தொப்பை மாமா, கொறஞ்சுச்சா?” என்று கேட்கின்றன.

இனி எழுதப் போவதைத்தான் காஞ்சன் பார்க்க வேண்டாம் என்றேன். உங்கள் மூத்த பிள்ளை நம்மை விட்டுப் போன அன்று நீங்கள் ஷிப்டில் இருந்தீர்கள். மத்தியானம், கொட்டுகிற மழை, ஊரே சாப்பிட்டுக் கதவைச் சாத்தித் தூங்குகிற நேரம். குழந்தை உடம்பு கொதிக்கிறது என்று காஞ்சன் தனியாக நடந்தே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள் என்பது வரைக்கும் உங்களுக்குத் தெரியும். போகும் முன்னால் அவள் அந்தச் சந்தில் நாலு கதவைத் தட்டினாள். இரண்டு வீட்டில் உள்ளே பேச்சுக்குரல் நின்றதாம், கதவு திறக்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். “அவருகிட்ட சொல்லாதண்ணே, அவரு அவங்களோடதான் தெனமும் உக்காந்து சீட்டு ஆடுறாரு, மனசு விட்டுப் போயிரும்” என்றாள். ஆறு வருஷம் வாயை மூடி வைத்திருந்தேன், நான் வாயை மூடின ஒரே விஷயம் இதுதான்.

ஆகையால் என் முடிவு என்னவென்றால், வாருங்கள். காற்று கெட்டது, தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், நாய் ரோஜா நிறம். இருந்தாலும் வாருங்கள். என் தங்கை கதவைத் தட்டினால் திறக்கிற ஊர் இது. அவள் தூங்கினால் வந்து தட்டுகிற ஊர். ஆலைக்குச் சரி என்று எழுதிப் போட்டுவிடுங்கள். வீடு நாற்பத்தைந்து காலியாகத்தான் இருக்கிறது, ரசீலா வீட்டுக்கு அடுத்தது, இரண்டு அறை, பின்னால் வேப்ப மரம். நான் சொல்லியும் வைத்துவிட்டேன்.

பிள்ளைகள் இரண்டுக்கும் மாமன் கன்னத்தைக் கிள்ளினதாகச் சொல்லவும். தாய் கோடியார் உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும், உங்களுக்கு மட்டும் குறட்டையில் கொஞ்சம் குறைவும் தர வேண்டுகிறேன். தப்பாக எழுதியிருந்தால் சின்னவன் என்று நினைத்துப் பொறுக்கவும், வயதில் நான்தான் பெரியவன் என்றாலும்.

இப்படிக்கு உங்கள் மைத்துனன்,
கரசன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. இன்று சாயங்காலம் ரசீலா நான் தங்கியிருக்கிற இடத்துக்கே வந்தாள், துணியில் தேப்லா ரொட்டி கட்டிக்கொண்டு. என் தங்கை வரப்போகிறாள், உனக்கு நல்ல துணை என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. “அண்ணே, பாவ்நகர்ல எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேலை கெடைக்குமா? என்ன வேலையானாலும் சரி” என்றாள். என்னம்மா, இவ்வளவு நல்ல காலனியை விட்டுவிட்டா என்றேன். “அன்னிக்கு நீங்க சும்மா ஓடினீங்க, அதுல எனக்கு ஒண்ணு தெரிஞ்சு போச்சு. எல்லாரும் ஓடுவாங்க, அவரு ஓட மாட்டாரு. அடுத்த தடவை எவனாவது நெசமாவே ஓடி வருவான், இவரு கல்ல எடுத்துக்கிட்டு ஏதாவது ஒரு கதவுகிட்ட நிப்பாரு. யாராவது நிக்கத்தான் வேணும்னா நிக்கட்டும், அது இவரா இருக்க வேணாம். இப்படி நெனைக்கிறது பாவமாண்ணே?” என்றாள். அவள் போனதும் உறையில் இருந்து இந்தக் கடிதத்தைத் திரும்ப வெளியே எடுத்தேன். ஆகையால் மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆலைக்கு மாட்டேன் என்று எழுதிவிடுங்கள். நீங்கள் வர வேண்டாம். உங்கள் சந்தில், உங்கள் சுவரை ஒட்டினாற்போல், வஷ்ராமும் ரசீலாவும் குடியிருக்க ஏதாவது வீடு காலியாகிறதா என்று விசாரித்து, மறு தபாலில் தெரிவிக்கவும்.